ஆளுக்கொரு செட்டிங்

எங்கள் அலுவலகத்தில் முதல் அடி விழுந்தது ஒரு கம்பைலர் செட்டிங்குக்காக. அடித்தது நான்.

ஹட்டன் டவுனில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். கீழே இரும்புக் கம்பியால் டயரை நெம்பும் சத்தம் காலையில் தொடங்கினால் மாலைவரை ஓயாது. மேலே நாங்கள் நான்கு பேர் புரோகிராம் எழுதுவோம். கொட்டகலையிலிருந்து ரயிலில் வருபவன் ஒருவன். சாது, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். டவுனிலேயே பிறந்து வளர்ந்த சிங்கள நண்பன் ஒருவன். கெட்ட வார்த்தைகளை எங்களைவிடச் சுத்தமான தமிழில் பேசுவான். மூன்றாமவர் பொகவந்தலாவைக்காரர். எங்களில் மூத்தவர், கெட்டிக்காரர், கெட்டிக்காரத்தனம் தலைக்கேறியவர். நான்காவது ஆள் நான், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். ஊர் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறது.

நாங்கள் செய்தது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மெஷின். கொழுந்தெடுக்கும் பெண்கள் சாக்குகளைச் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். அதை மடுவம் என்போம். முன்பெல்லாம் அங்கே தொங்கும் கம்பித் தராசில் சாக்கை மாட்டி, நிறுப்பவர் எடையை உரக்கக் கூவுவார். இப்போது கொக்கிக்கு மேலே எங்கள் பெட்டி இருக்கிறது. சாக்கின் எடையை அதுவே கழித்துவிட்டுக் கிலோவைத் திரையில் காட்டும், அந்தக் கணக்கில்தான் பெண்களுக்குக் கூலி. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும். அப்போது நிறுப்பவர் ஒரு பட்டனை அமுக்கி ஈரக் கழிவைக் கொடுப்பார், மெஷின் அதையும் கழிக்கும். வெயில் நாளில் அந்தப் பட்டனுக்கு வேலை இல்லை.

நாம் எழுதுகிற வரிகளை மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அதற்கு நாம் சில செட்டிங்குகளைச் சொல்லி வைக்கலாம். தப்பு மாதிரி எதையாவது கண்டால் எச்சரிக்கை செய், செய்யாதே. வேகமாக ஓடும்படி சுருக்கு, சுருக்காதே. எங்கள் நால்வரிடமும் ஆளுக்கொரு செட்டிங் இருந்தது. ஒரே புரோகிராம் கொட்டகலைக்காரனிடம் ஓடும், என்னிடம் விழுந்து படுத்துக்கொள்ளும். "எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நால்வருக்கும் ஒரே செட்டிங் என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் தங்கள் திரையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயரும் வைத்தேன்.

அந்தப் பெயரில்தான் வந்தது வினை. விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான் தோட்டத்தில் பெரட்டு. மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். சிங்கள நண்பன் கையைக் கட்டிக்கொண்டு "சலாங்க தொர" என்று எனக்குக் கும்பிடு போட்டான். பொகவந்தலாவைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, வாங்க. ஒங்க செட்டிங்க காட்டுங்க."

"எங்கப்பா பெரட்டுக் களத்துல எல்லாருக்கும் முன்னால அறை வாங்கினவரு. அத பாத்துட்டுத்தான் நான் படிச்சேன். இப்ப ஒனக்கு முன்னால வந்து வரிசையில நிக்கணுமா?"

"பேரு என்னாவா இருந்தா என்னாண்ணே? வார்னிங் எல்லாத்தையும் ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க?"

"எழுதத் தெரியாதவனுக்குத்தான் வார்னிங் வேணும்."

அறைந்துவிட்டேன். அவர் மேசையை உதைத்துத் தள்ளினார். என் லேப்டாப் தரையில் விழுந்து மூலை நசுங்கியது. நான் டீ பிளாஸ்க்கைத் தூக்கி எறிந்தேன், அவர் நெற்றி பிளந்தது. கொட்டகலைச் சாது பின்னாலிருந்து என்னைப் பிடிக்க வந்தான், அவன் கையைக் கடித்தேன். டயர்க் கடைக்காரர்கள் நெம்புகம்பியோடு மேலே ஓடி வந்து, யார் யாரை அடிக்கிறார்கள் என்று விளங்காமல் வாசலிலேயே நின்றார்கள். அதற்குப் பிறகு மூன்று பேரின் செட்டிங் ஒன்றானது. அவர் தன்னுடையதை மாற்றவில்லை. தன் பகுதியைத் தன் கணினியில் முடித்து, பூட்டிய பொட்டலமாகத்தான் கொடுப்பார். நாங்கள் அதை வாங்கி மெஷினில் ஏற்றுவோம். நெற்றியில் தையல் போட்ட மனிதரோடு மறுபடி சண்டைக்குப் போக எனக்கே தெம்பில்லை.

என் தம்பி எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவன். மெஷினைச் சட்டென்று பழகிக்கொண்டான் என்று அவனை அந்த வேலையில் போட்டார்கள். எங்கள் லயத்தில் பிறந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் மடுவத்துக்குப் போவான். மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு நாள், மத்தியானம், லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் போன் செய்தாள்.

"ஒந் தம்பிய மடுவத்துல போட்டு அடிக்கிறாங்க. ஓடியா புள்ள."

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. கையெலும்பு பல இடத்தில் நொறுங்கியிருக்கிறது, விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடித்தது மட்டக்கம்பால். செடியின் மேல் குறுக்காக வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்தெடுக்கும் கம்பு அது, ஒவ்வொரு பெண்ணிடமும் ஒன்று இருக்கும்.

"என்னாடா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"கிலோவ வெட்டுனேன்னு சொல்றாங்க. வெட்டுனியா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்படிக் கேட்டதற்கு என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாசலில் நின்ற தோட்டத்துக் கிளார்க்தான் விஷயத்தைச் சொன்னார். கொழுந்தில் கை வைத்தவன் என்று வரும் திங்கட்கிழமை பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லி, அவனை வேலையிலிருந்து நிறுத்தி, போலீசில் ஒப்படைக்கப் போகிறாராம் தோட்டத்து மேனேஜர் துரை. பெண்களின் வயிற்றில் அடித்தவன் என்று பெயர் வாங்கியவன் அதற்குப் பிறகு லயத்தில் குடியிருக்க முடியாது. கல்லெறிந்தே துரத்திவிடுவார்கள். எங்கள் லயத்தில் அதை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் அடி அடித்தது பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை. அடுத்த லயத்துக்காரி, எங்கள் இருவரையும் தூக்கி வளர்த்தவள் என்பதால் அப்படிக் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லயத்துக்கு வந்து, எங்கள் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை உருவிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாடி, அடி. அடிச்சுட்டு, அதுக்கப்பறம் நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. தூக்க முடியாத சாக்க தூக்கிட்டுப் போறேன். எனக்கு முன்னால நிக்கிறவ சாக்குல பாதிகூட இல்ல. மெஷின்ல அவளுக்கு ஜாஸ்தி, எனக்குக் கொறச்சல். ஈரத்துக்கு வெட்டுறாங்கன்னா, மழையில வெட்டட்டும். வெயில்ல என்னா தண்ணி?"

கட்டையை ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வெயிலில் என்ன தண்ணீர்? பட்டனை அமுக்காத நாளில் ஈரக் கழிவு பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? அது பூஜ்யம் என்று புரோகிராமில் யாராவது எழுதியிருக்கிறோமா? நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பெரியம்மாவின் மகன் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினான். சாக்கடைக் கானுக்குள் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு நேரே ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். ஒருத்தரும் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் சந்தையிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிவந்து, அலுவலக உத்தரத்தில் கொக்கி போட்டு, எங்களிடமிருந்த உதிரிப் பெட்டியோடு தொங்கவிட்டேன். பொகவந்தலாவைக்காரரிடம் பூட்டைத் திறக்கச் சொல்லி அவர் பகுதியை எல்லாரும் எடுத்துக்கொண்டோம். ஆளாளுக்குத் தங்கள் கணினியில் கம்பைல் செய்து, ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றி, அதே மூட்டையை நிறுத்தோம். கொட்டகலைக்காரனிடம் எடை சரி. சிங்கள நண்பனிடமும் சரி. என்னிடமும் சரி, ஆனால் எங்கள் மூவர் திரையிலும் மஞ்சளாக ஒரு வார்னிங் வந்து நின்றது: ஈரக் கழிவு என்ற இடத்துக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கப்படவில்லை. கடைசியில் பொகவந்தலாவைக்காரருடையதை ஏற்றினோம். மூட்டை இளைத்துவிட்டது. மறுபடி மாட்டினோம், இன்னும் இளைத்தது. உருளைக்கிழங்கு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஈரக் கழிவு பூஜ்யத்தில் தொடங்கட்டும் என்று எழுத வேண்டிய ஒரு வரியை அவர் எழுதவில்லை. எங்கள் மூவரின் செட்டிங்கில் அந்த இடம் தற்செயலாகப் பூஜ்யமாகவே கிடந்தது. வேகத்துக்காக அவர் வைத்திருந்த செட்டிங்கில் அங்கே முன்பு கிடந்த எண் ஏதோ அப்படியே இருந்துவிட்டது. முந்தின கணக்குகளில் மிச்சமான எண், ஆளுக்கு ஆள் வேறு. அதைத் தண்ணீர் என்று நினைத்து மெஷின் அடுத்த பெண்ணிடம் கழித்திருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய வார்னிங்கின் வாயை அவர்தான் அடைத்து வைத்திருந்தார்.

அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அடித்தேன். முகத்தில் அடித்தேன், வயிற்றில் அடித்தேன், தலையைப் பிடித்துப் பலகைச் சுவரில் மோதினேன். இந்த முறை யாரும் என்னைப் பிடிக்க வரவில்லை. அவரும் கையைத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது.

"இன்னும் அடி" என்றார். எனக்குத்தான் கை வலித்து நின்றது.

ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அவர் தன் கணினியின் முன் உட்கார்ந்து எல்லா வார்னிங்கையும் திறந்துவிட்டார். திரை முழுக்க மஞ்சளாக நிரம்பி, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அவர் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. முஷ்டியால் ஜன்னல் கண்ணாடியைக் குத்தினார், கண்ணாடி கீழே டயர்க் குவியலில் போய் விழுந்தது. கொட்டகலைக்காரன் அவர் கையில் துணி சுற்றிவிட்டான். அந்தக் கையோடேயே நால்வருக்கும் பொதுவாக ஒரு செட்டிங் கோப்பை அவரே எழுதினார். ஒரு வார்னிங் இருந்தால்கூட கம்பைல் ஆகாது. ஒருவர் மட்டும் தனியாக அதை மாற்ற முடியாது. எல்லா மஞ்சளையும் தீர்த்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

"செட்டிங் இதுதான். ஆனா பெரட்டுன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

"சொல்லுவேன்" என்றேன்.

முதலாளி வந்தார். உடைந்த ஜன்னலையும் ரத்தத்தையும் பார்த்து முதலில் கத்தினார். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. கதவைச் சாத்தினார்.

"புது புரோகிராம சத்தமில்லாம ஏத்திருங்க. மெஷின் தப்புன்னு வெளியில போச்சுன்னா ஒவ்வொரு தோட்டமும் திருப்பி அனுப்பிரும். தம்பிக்கு நான் கொழும்புல ஒரு வேல பாத்துத் தாறேன்."

"அவன் திருடன்னு பேரோட கொழும்புக்குப் போகணுமா சார்?"

"பேரு நாலு நாள்ல மறந்துரும்."

மேசையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் காலடியில் ஓங்கி அடித்தேன். அவர் துள்ளிப் பின்னால் போனார். லிந்துலைப் பக்கம் போனால் திரும்பி இங்கே வரக் கூடாது என்றார். சரி என்றேன். என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பொகவந்தலாவைக்காரர் பின்னாலேயே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் மடுவத்துக்கு முன்னால் பனியில் பெரட்டு நின்றது. பெண்கள் ஒரு பக்கம், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் ஒரு பக்கம். துரை ஜீப்பில் சாய்ந்து நின்றார். தம்பியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள், கை தூளியில் தொங்கியது. கிளார்க் வாயைத் திறப்பதற்கு முன் நான் நடுவில் போய் நின்றேன்.

"இவன் ஒரு கிராம்கூட வெட்டல. வெட்டுனது எங்க மெஷின். நாங்க செஞ்ச தப்பு."

துரை என்னைப் பிடித்து வெளியே தள்ளச் சொன்னார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள். பெரியம்மா தன் மட்டக்கம்பை அவர்கள் முன்னால் குறுக்கே நீட்டினாள்.

"அவள விடு. என்னா சொல்றான்னு கேப்போம்."

ஒரு சாக்கு நிறையக் கல்லை அள்ளிக் கட்டினோம். மடுவத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்பித் தராசில் முதலில் நிறுத்தோம், எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். பிறகு மெஷினில், பழைய புரோகிராமில், திரும்பத் திரும்ப. எண் ஒவ்வொரு தடவையும் வேறு, ஒவ்வொரு தடவையும் குறைவு. பொகவந்தலாவைக்காரர் மெஷினைக் கழற்றிப் புதிய புரோகிராமை ஏற்றி மாட்டினார். பழைய தராசும் மெஷினும் ஒரே எடையைக் காட்டின.

"எவன்டா அத செஞ்சவன்?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நாந்தான்" என்றார் அவர்.

முதல் கல் அவர் காதில் பட்டது. அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் உடைந்து அவர்மேல் வந்தது. உதைத்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் அவர்மேல் விழுந்து மறைத்துக்கொண்டேன், முதுகில் விழுந்த உதை இன்றும் மழைக்காலத்தில் வலிக்கும். ஜீப் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. பெரியம்மா கம்பைச் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்து, தன் மகனையே முதுகில் இரண்டு போட்டு எல்லாரையும் விலக்கினாள்.

"போதும்டா. ஒரு தடவ ஆள் தெரியாம அடிச்சது போதும்."

அவள் மூச்சு வாங்கினாள். தம்பியிடம் போய் நின்றாள். கம்பை அவன் இடது கையில் திணித்து, தன் தோளைக் காட்டினாள்.

"அடிடா. அடிச்சுத் தீத்துக்க."

அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டான். அவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள், கோபமும் போகவில்லை.

"ஒன்னையத்தான்டி அடிக்கணும். பழைய தராசுல ஒருக்கா நிறுத்துக் காட்டுடா, விட்டுர்றோம்னு அன்னைக்குக் கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டான். 'எங்க அக்கா செஞ்சது பெரியம்மா, அது தப்புக் காட்டாது'ன்னு அதையே சொன்னான். சரி, மெஷினயே ஒடைக்கிறேன்னுதான் கம்ப ஓங்குனேன். குறுக்க கைய வச்சு மறைச்சுட்டான். எத்தன அடி விழுந்தும் எடுக்கல."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொக்கிக்கு மேலே மாட்டியிருந்த மெஷினைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.